வைகை வாழும் தீவு: ஹொனலுலு உயிரியல் பூங்காவையும் அதைச் சுற்றிய ஊரையும் நிதானமாகப் பார்க்க முழுமையான வழிகாட்டி

ஹொனலுலு உயிரியல் பூங்காவில் யானைகள் இருக்கும் பக்கம் அம்மாவோடு நின்றிருந்தேன். பலகையில் இரண்டு பெயர்கள் இருந்தன. வாசித்துக் காட்டினேன்: மாரி, வைகை. அம்மா நம்பவில்லை. "இன்னொரு தடவை படி" என்றார். படித்தேன். பசிபிக் கடலின் நடுவில், நம் ஊரிலிருந்து உலகத்தின் அந்தக் கோடியில், இந்தியாவிலிருந்து இளம் வயதிலேயே வந்துசேர்ந்த ஒரு யானைக்கு மதுரை ஆற்றின் பெயர். அன்றைக்கு அம்மா அந்த இடத்தை விட்டு அரை மணி நேரம் நகரவில்லை.

ஹவாய் போகிறவர்களில் பலர் இந்தப் பூங்காவுக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கிவிட்டு ஓடிவிடுகிறார்கள். நான் சொல்ல வருவது வேறு. பூங்காவை நடுவில் வைத்துக்கொண்டு, சுற்றிலும் இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் ஒரு சனி, ஞாயிறைக் கழியுங்கள். கார் வேண்டாம். பெரிய செலவும் இல்லை. வைக்கீக்கீ கடற்கரையின் ஓட்டல் வரிசையைத் தாண்டி ஊர்க்காரர்கள் வாழும் ஹொனலுலு அங்கேதான் தொடங்குகிறது.

புறப்படும் முன்

இந்திய நேரத்துக்கு ஹவாய் பதினைந்தரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. வந்திறங்கிய முதல் நாள் உடம்பு எதற்கும் ஒத்துழைக்காது. அன்று கடற்கரையில் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பூங்கா மறுநாளோ அதற்கடுத்த நாளோ இருக்கட்டும்.

பெட்டியில் கறிவேப்பிலை, மாம்பழம், விதை, செடி எதுவும் வேண்டாம். தீவுகளின் விவசாயமும் காடும் வெளியிலிருந்து வந்த பூச்சிகளாலும் நோய்களாலும் நிறைய அடி வாங்கியவை, அதனால் சோதனை கண்டிப்பாக இருக்கும். ஹவாயிலிருந்து அமெரிக்கப் பெருநிலத்துக்குப் பறக்கும்போதும் பைகளை வேளாண் துறையினர் சோதிப்பார்கள்.

சன்ஸ்கிரீன் வாங்கும்போது அட்டையைப் படியுங்கள். ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்சேட் என்ற இரண்டு வேதிப்பொருள்களும் பவளப்பாறைகளைப் பாதிக்கின்றன என்பதால் அவை கலந்தவற்றை விற்க 2021 ஜனவரி முதல் ஹவாயில் தடை. நம் ஊரிலிருந்து கொண்டுபோவதில் அவை இருக்கக்கூடும். துத்தநாக ஆக்ஸைடு கலந்ததை அங்கேயே வாங்கிக்கொள்வது நல்லது. தொப்பி, தண்ணீர் பாட்டில், நடக்கத் தோதான செருப்பு போதும். சட்டென்று ஒரு தூறல் வரும், பத்து நிமிடத்தில் நின்றுவிடும். குடையை யாரும் தேடுவதில்லை.

எந்த நாள், எப்படிப் போவது

என் தேர்வு சனிக்கிழமை. காரணம், அன்று காலை கப்பியொலானி சமுதாயக் கல்லூரி வளாகத்தில் உழவர் சந்தை கூடும். ஏழரை மணிக்குத் தொடங்கி பதினோரு மணிக்குள் முடிந்துவிடும். பூங்கா பத்து மணிக்குத்தான் திறக்கும். முதலில் சந்தை, அப்புறம் பூங்கா என்று வைத்துக்கொண்டால் காலைப் பொழுது கச்சிதமாகப் பொருந்திவிடும்.

நகரப் பேருந்தின் பெயரே 'தி பஸ்' தான். ஒரு பயணத்துக்கு 3 டாலரை ஒட்டி ஆகும். பலசரக்குக் கடைகளில் கிடைக்கும் ஹோலோ அட்டையில் பணம் போட்டுத் தட்டினால், நாள் முழுக்க எத்தனை முறை ஏறி இறங்கினாலும் ஒரு நாள் வரம்புக்கு மேல் பிடிக்காது. பெரிய பெட்டிகளோடு ஏற்ற மாட்டார்கள்.

வழி கேட்பதற்கு முன்னால் இரண்டு சொற்களைக் கற்றுக்கொள்ளுங்கள். மௌக்கா என்றால் மலைப்பக்கம், மக்காய் என்றால் கடல்பக்கம். இந்த ஊரில் வடக்கு, தெற்கு என்று யாரும் சொல்வதில்லை. "சாலையின் மௌக்கா ஓரத்தில் நிறுத்தம் இருக்கிறது" என்பார்கள். முதல் நாள் குழம்பும். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல் என்று எப்போதும் கண்ணெதிரே இருப்பதால் மறுநாளே பழகிவிடும்.

ஒரு எச்சரிக்கை. சாலையைக் கடக்கும்போது செல்பேசியைப் பார்த்தபடி நடந்தால் ஹொனலுலுவில் அபராதம் உண்டு. 2017-இலிருந்து இருக்கும் சட்டம் இது. வரைபடத்தை நடைபாதையில் நின்று பார்த்துவிட்டுக் கடந்து போங்கள்.

சந்தையிலிருந்து பூங்கா வாசலுக்கு

சந்தையில் பொருள் வாங்குவதைவிட காலை உணவு முடிப்பதுதான் முக்கியம். ஆப்பிள் வாழை என்று ஒரு சிறிய வாழை கிடைக்கும். லேசான புளிப்போடு, கடித்தவுடன் நம் ஊர்ப் பழம் ஒன்று நினைவுக்கு வரும். பாஷன் பழத்தை அங்கே லிலிக்கோய் என்கிறார்கள். அதன் சாறும் பப்பாளியும் இருந்தால் ஒரு காலைக்குப் போதும்.

அங்கிருந்து மன்சராட் சாலை வழியாக இறக்கத்தில் நடந்தால் பூங்காவுக்கு இரண்டு, இரண்டரை கிலோமீட்டர். வழியில் சின்னச் சின்னக் காபிக் கடைகள் வரும். கீழே இறங்கியதும் இடக்கைப்பக்கம் கப்பியொலானி பூங்காவின் புல்வெளி விரியும். வலக்கைப்பக்கம் உயிரியல் பூங்காவின் நீண்ட வேலி. சனி, ஞாயிறுகளில் உள்ளூர் ஓவியர்கள் தங்கள் படங்களை இந்த வேலியில்தான் மாட்டி விற்பார்கள். பல பத்தாண்டுகளாக நடக்கும் வழக்கம் இது. வரைந்தவரே பக்கத்தில் ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். வாங்காவிட்டாலும் நின்று பேசலாம், எந்த மலை, எந்தக் கரை என்று ஆர்வமாகச் சொல்வார்கள்.

வாசல் கப்பாஹூலு சாலையில் இருக்கிறது. அதற்கருகே, கடலோரச் சாலை சேரும் முனைப்பக்கம், காந்தி சிலை ஒன்று நிற்கும். எதிர்பாராமல் பார்க்கும்போது ஒரு கணம் ஊர் நினைவு வந்துவிடும். சிலர் அவருக்கும் பூமாலை போட்டுவிட்டுப் போகிறார்கள்.

வெளியூர்ப் பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணம் இருபது டாலரை ஒட்டி இருக்கும், பிள்ளைகளுக்குக் குறைவு. 'கமாயினா' விலை என்று ஒன்று எழுதியிருப்பார்கள். அது ஹவாயில் குடியிருப்பவர்களுக்கான சலுகை, முகவரி அட்டை காட்ட வேண்டும். பூங்கா மாலை 4 மணிக்கே மூடிவிடும். ஆகவே மதியத்துக்கு மேல் போய்ப் பயனில்லை. முதல் முறை நாங்கள் உச்சி வெயிலில் போனோம். பாதி விலங்குகள் நிழலில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தன, அம்மாவுக்கும் தலைவலி வந்துவிட்டது. மறுநாள் திறக்கும் நேரத்துக்குப் போனபோது அதே இடம் வேறு மாதிரி இருந்தது.

உள்ளே எதை முதலில் பார்ப்பது

பூங்கா 42 ஏக்கர். பெரிய பூங்கா இல்லை. நிதானமாக மூன்று மணி நேரத்தில் சுற்றிவிடலாம். ஹவாயின் பழைய பொதுப் பூங்காக்களில் ஒன்றான கப்பியொலானி பூங்காவை மன்னர் கலாக்கவுவா 1877-இல் திறந்து, அரசியின் பெயரைச் சூட்டினார். அதன் ஒரு மூலையில் 1914-ஐ ஒட்டி நகரப் பூங்காக்களின் நிர்வாகி பென் ஹாலிங்கர் விலங்குகளைச் சேர்க்க ஆரம்பித்தார். அப்படி வளர்ந்ததுதான் இது.

காலை வெயில் ஏறுவதற்குள் பெரிய விலங்குகளைப் பார்த்துவிடுங்கள். சுமத்ராப் புலி, யானைகள், அப்புறம் ஆப்பிரிக்கப் புல்வெளிப் பகுதி. கொமோடோ உடும்பு, ஆமைகள் மாதிரியான ஊர்வன வெயிலில்தான் சுறுசுறுப்பாக இருக்கும். அவற்றைப் பிற்பகுதிக்கு வைத்துக்கொள்ளலாம். பிள்ளைகள் இருந்தால் கடைசியாகச் சிறுவர் பகுதிக்குக் கூட்டிப் போங்கள். முதலில் போனால் அங்கிருந்து கிளப்ப முடியாது.

யானைகளின் தற்போதைய இருப்பிடம் 2011-இல் திறக்கப்பட்டது, முன்பு இருந்ததைவிடப் பல மடங்கு பெரிது. இருந்தாலும் யானை போன்ற கூட்டமாக வாழும் விலங்கை நகரத்துக்குள் வைத்திருக்கலாமா என்ற கேள்வியை விலங்கு நல அமைப்புகள் தொடர்ந்து கேட்டு வருகின்றன. வைகை தும்பிக்கையால் மண்ணை அள்ளி முதுகில் போட்டுக்கொண்டதைப் பார்த்தபோது எனக்கும் அந்தக் கேள்வி வந்தது. அதற்குச் சுலபமான பதில் என்னிடம் இல்லை. அதைத் தள்ளிவிட்டு ரசிக்கவும் என்னால் முடியவில்லை.

பூங்காவுக்கே ஒரு சோதனைக் காலம் இருந்தது. நிலையான நிதி இல்லை என்ற காரணத்தால் 2016-இல் அமெரிக்க உயிரியல் பூங்காக்கள் சங்கத்தின் அங்கீகாரத்தை இழந்தது. அதே ஆண்டு நவம்பரில் ஹொனலுலு மக்கள் வாக்களித்து, சொத்து வரி வருவாயில் அரை சதவீதத்தைப் பூங்காவுக்கென்றே ஒதுக்கச் செய்தார்கள். 2020-இல் அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது. ஊர்க்காரர்கள் இதை 'எங்கள் பூங்கா' என்று சொல்வதில் நியாயம் இருக்கிறது.

யானைக்கும் புலிக்கும் அடுத்து நீங்கள் தேட வேண்டியது நேனே என்ற வாத்து. பார்க்கச் சாதாரணமாக இருக்கும், கழுத்தில் வரிவரியாகக் கோடுகள். தாண்டிப் போய்விடாதீர்கள். இது ஹவாயின் மாநிலப் பறவை, உலகில் வேறெங்கும் இயற்கையாகக் கிடையாது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் சுமார் முப்பது பறவைகள்தான் மிச்சம். கூண்டில் வளர்த்துக் காட்டில் விட்டு, இன்று மூவாயிரத்துக்கும் மேல் ஆகிவிட்டன.

அவை ஏன் அவ்வளவு குறைந்தன என்பதில் நம் ஊர்க் கீரிக்கும் பங்கு உண்டு. கரும்புத் தோட்டங்களில் எலித் தொல்லையைத் தீர்க்க 1883-இல் ஜமைக்காவிலிருந்து கீரிகளைக் கொண்டுவந்தார்கள். ஜமைக்காவுக்கு அவை போனது கல்கத்தாவிலிருந்து. எலி இரவில் நடமாடும், கீரி பகலில். கீரி எலியோடு நிற்காமல், தரையில் கூடு கட்டும் பறவைகளின் முட்டைகளையும் தின்று தீர்த்தது. நேனே தரையில்தான் முட்டையிடும்.

ஹவாய்த் தீவுகளில் மனிதர் வருவதற்கு முன் நிலத்தில் வாழ்ந்த பாலூட்டி வகை வௌவால் மட்டும்தான். கரையேறிப் படுக்கும் துறவிக் கடல்நாயையும் (மங்க் சீல்) சேர்த்தால் இரண்டு. கீரி, பன்றி, பூனை, எலி எல்லாம் மனிதரோடு படகிலும் கப்பலிலும் வந்தவை. கொசுகூட பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்ததுதான். அது பரப்பிய பறவை மலேரியாவால் காட்டுப் பறவைகள் கொத்துக் கொத்தாக மடிந்தன. 2023 அக்டோபரில் எட்டு ஹவாய்ப் பறவையினங்கள் அழிந்துவிட்டதாக அமெரிக்க அரசு முறைப்படி அறிவித்தது. இதை மனதில் வைத்துக்கொண்டு நேனேயின் முன் நின்றால் அந்த வாத்து வேறு மாதிரி தெரியும்.

கூண்டு இல்லாத பறவைகள்

பூங்காவில் நான் மிகவும் நேசித்த உயிருக்குக் கூண்டும் இல்லை, பெயர்ப் பலகையும் இல்லை. அண்ணாந்து பார்த்தால்தான் தெரியும்.

மனு ஓ கூ என்ற வெள்ளை ஆலா. உடம்பெல்லாம் தூய வெள்ளை, கண்ணும் அலகும் மட்டும் கறுப்பு. பகலில் கடலுக்குப் போய் மீன் பிடித்துவிட்டு நகரத்து மரங்களுக்குத் திரும்பும். இந்தப் பறவை கூடே கட்டுவதில்லை. மரக்கிளையில் சின்னப் பள்ளமோ கணுவோ பார்த்து அதன் மேல் ஒரே ஒரு முட்டையை வைத்துவிடும். குஞ்சு பொரித்ததும் தன் உறுதியான கால் நகங்களால் கிளையைப் பற்றிக்கொண்டு காற்றிலும் மழையிலும் அப்படியே இருக்கும். ஹொனலுலு இருக்கும் ஓவாஹு தீவில் இது முட்டையிட்டதாக முதன்முதல் பதிவானது 1961-இல். இப்போது ஹொனலுலு நகரத்துக்குள்ளேயே ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. 2007-இல் இதை நகரத்தின் பறவையாக அறிவித்தார்கள்.

பார்க்கும் முறை இதுதான். சாலையோர மரங்களின் அடிமரத்தில் நீல நாடா கட்டியிருக்கிறதா என்று கவனியுங்கள். மேலே முட்டையோ குஞ்சோ இருக்கிறது, கிளையை வெட்டாதீர்கள் என்று தன்னார்வலர்கள் மரம் வெட்டுவோருக்கு வைக்கும் அடையாளம் அது. நாடா கண்ட இடத்தில் நின்று, வெள்ளை எச்சம் சிதறிய தரைக்கு நேர் மேலே கிளைகளைத் தேடுங்கள். பொறுமையாகத் தேடினால் பஞ்சு உருண்டை மாதிரி ஒரு குஞ்சு உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும்.

நமக்குப் பழகிய முகங்களும் நிறைய உண்டு. மைனா 1865-இல் புழுக்களைத் தின்னட்டும் என்று கொண்டுவரப்பட்டது, இப்போது எங்கும் அதன் ராஜ்ஜியம். கொண்டைக்குருவி, புள்ளிப்புறா, பச்சைக்கிளி எல்லாம் இருக்கின்றன. மரங்களும் அப்படித்தான். ஆலமரம், தூங்குமூஞ்சி மரம், அப்புறம் நம் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவான கியாவே. கியாவே முள் கடற்கரை மணலில் கிடக்கும், குத்தினால் செருப்பையும் துளைத்துவிடும். மரத்தடியில் வெறுங்காலோடு நடக்க வேண்டாம்.

பசிக்கு கப்பாஹூலு சாலை

பூங்காவை விட்டு வெளியே வந்ததும் வைக்கீக்கீ பக்கம் திரும்பாதீர்கள். கப்பாஹூலு சாலையில் மௌக்கா திசையில், அதாவது மலையைப் பார்த்து நடங்கள். ஊர்க்காரர்கள் சாப்பிடும் தெரு அது.

கால் மணி நேர நடையில் ரெயின்போ டிரைவ் இன் வரும், 1961-இலிருந்து நடக்கும் கடை. அங்கே பிளேட் லஞ்ச் வாங்க வேண்டும். இரண்டு கரண்டி சோறு, ஒரு கரண்டி மக்ரோனி சாலட், பக்கத்தில் இறைச்சியோ மீனோ. கரும்புத் தோட்டங்களில் ஜப்பானியர், சீனர், பிலிப்பினோ, போர்த்துகீசியர் என்று பல ஊர்த் தொழிலாளர்கள் மதிய உணவைப் பகிர்ந்துகொண்ட பழக்கத்திலிருந்து வந்த சாப்பாடு அது. அரிசிச் சோறு எங்கும் கிடைப்பதால் நம்மவர்களுக்குச் சிரமம் இல்லை. அம்மா சோற்றைப் பார்த்த பிறகுதான் முகம் மலர்ந்தார்.

இன்னும் மேலே போனால் லியோனார்ட்ஸ் பேக்கரி, 1952-இல் தொடங்கியது. மலசாடா என்பது சீனி தூவிய, உள்ளே பஞ்சு போன்ற எண்ணெய்ப் பணியாரம். 1878 முதல் தோட்ட வேலைக்கு வந்த போர்த்துகீசியர்களின் பலகாரம். சூடாக இருக்கும்போதே தின்ன வேண்டும். பொட்டலம் கட்டி எடுத்துப் போனால் பாதிச் சுவை போய்விடும். வரிசை நீளமாக இருந்தாலும் வேகமாக நகரும்.

சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் கவனமாக இருக்க வேண்டும். மக்ரோனி சாலட்டில் மயோனைஸ், மலசாடாவில் முட்டை. சேப்பங்கிழங்கை வேகவைத்து இடித்துக் கூழாக்கிய பொயியும், தேங்காய்ப்பாலில் செய்யும் ஹவுப்பியா என்ற இனிப்பும் நம்பிச் சாப்பிடலாம். பொயி முதல் வாயில் சப்பென்று இருக்கும், ஓரிரண்டு நாள் புளித்தது இன்னும் நன்றாக இருக்கும். அதைக் கேலி செய்யவோ முகம் சுளிக்கவோ வேண்டாம். ஹவாய் மக்களின் மரபில் சேம்பு வெறும் கிழங்கு இல்லை, மனிதனுக்கு முன்னால் பிறந்த மூத்த சகோதரன்.

ஊராரோடு பழகும் விதம்

இந்தப் பகுதி நம்மவர்களுக்கு எளிது. வீட்டுக்குள் செருப்போடு போகக் கூடாது. வயதில் பெரியவர்களை, தெரியாதவர்களாக இருந்தாலும், 'அங்கிள்', 'ஆன்ட்டி' என்று கூப்பிடுவார்கள். யார் வீட்டுக்குப் போனாலும் கையில் ஏதாவது வாங்கிக்கொண்டு போவார்கள். அம்மா ஒரே நாளில் ஒட்டிக்கொண்டார்.

தெரியாமல் தவறிவிடும் இடம் ஒன்று உண்டு. அங்கே வாழும் எல்லோரையும் 'ஹவாயியர்' என்று சொல்லக் கூடாது. அந்தச் சொல் தீவுகளின் பூர்வகுடி மக்களுக்கு மட்டும் உரியது. மற்றவர்கள் தங்களை 'லோக்கல்' என்பார்கள். 1893-இல் அரசி லிலியுவோகலானியின் ஆட்சி கவிழ்க்கப்பட்டதும், 1898-இல் தீவுகள் அமெரிக்காவோடு இணைக்கப்பட்டதும் அந்த மக்களுக்கு இன்றும் ஆறாத காயம். அது தெரிந்து பேசினால் பேச்சு ஆழமாகப் போகும்.

ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமையைப் புல்வெளிக்கும் கடலுக்கும் விடுங்கள். கப்பியொலானி பூங்காவில் குடும்பம் குடும்பமாகப் பாய், அடுப்பு, யூக்கலேலே என்ற சின்ன கித்தார் எல்லாம் கொண்டுவந்து நாள் முழுக்க இருப்பார்கள். ராயல் ஹவாயியன் இசைக்குழு 1836-இல் மூன்றாம் கமேஹமேஹா மன்னர் தொடங்கியது, இன்றும் இருக்கிறது. பூங்காவின் இசை மண்டபத்தில் இலவசமாக வாசிப்பார்கள். அட்டவணையைப் பார்த்து நாளை உறுதிசெய்துகொண்டு போங்கள்.

கடலோரமாகத் தெற்கே நடந்தால் 1904-இல் தொடங்கிய வைக்கீக்கீ மீன் காட்சியகம், அதைத் தாண்டினால் கைமானா கடற்கரை. 2017-இல் இந்தச் சின்னக் கரையில் ஒரு துறவிக் கடல்நாய் குட்டி போட்டது. நகரமே வந்து வேலிக்கு வெளியே நின்று பார்த்தது. உங்கள் அதிர்ஷ்டத்துக்கு ஒன்று கரையில் படுத்திருந்தால் 15 மீட்டராவது தள்ளி நில்லுங்கள், குட்டியோடு இருந்தால் இன்னும் மூன்று மடங்கு தூரம். கடலாமைக்கு 3 மீட்டர். தொடுவதும் துரத்துவதும் சட்டப்படி குற்றம்.

டைமண்ட் ஹெட் என்ற பழைய எரிமலைக் குன்றில் ஏற விரும்பினால் வெளியூர்க்காரர்கள் முன்பதிவு செய்தே ஆக வேண்டும். உயரம் 232 மீட்டர்தான். ஆனால் நிழல் இல்லை, காலையிலேயே ஏறி இறங்கிவிடுங்கள்.

ஒரு இடைக்குறிப்பு. கவாய் என்ற இன்னொரு தீவில், யாழ்ப்பாணம் யோகர் சுவாமிகளின் சீடர் சிவாய சுப்பிரமுனியசுவாமி நிறுவிய சைவ ஆதீனமும் கருங்கல்லில் எழுந்த இறைவன் கோயிலும் இருக்கின்றன. அதற்குத் தனி விமானப் பயணம் வேண்டும், நாள் இருப்பவர்கள் திட்டமிடலாம்.

மாலையும் மாலையும்

பூங்கா வாசலிலிருந்து சாலையைக் கடந்தால் கடலுக்குள் நீளும் ஒரு கல் சுவர் இருக்கிறது, ஊர்க்காரர்கள் 'வால்ஸ்' என்பார்கள். பள்ளிப் பிள்ளைகள் அங்கே அலைகளில் பலகையோடு பாய்வார்கள். சூரியன் மறைவதற்கு அரை மணி முன்னால் போய் உட்காருங்கள். ஆலாக்கள் கடலிலிருந்து இரண்டிரண்டாக மரங்களுக்குத் திரும்பும்.

பூ விற்கும் கடையில் பிக்காக்கே என்று கேட்டு ஒரு மாலை வாங்கிக்கொள்ளுங்கள். கையில் வாங்கியதும் வாசனையில் தெரிந்துவிடும், நம் மல்லிகையேதான். பிக்காக்கே என்றால் மயில். இளவரசி கையுலானிக்கு மயிலும் மல்லிகையும் உயிர். வைக்கீக்கீயில் அவள் வீட்டுத் தோட்டத்தில் இரண்டும் இருந்தன, அதனால் பூவுக்கும் மயிலின் பெயரே வந்துவிட்டது. யாராவது உங்களுக்கு மாலை போட்டால் மறுக்காதீர்கள், அவர் முன்னால் கழற்றாதீர்கள். கர்ப்பிணிகளுக்கு இரு முனைகளையும் சேர்த்து முடிச்சிடாத மாலைதான் போடுவார்கள்.

வாடிய பிறகு குப்பைத் தொட்டியில் போடும் வழக்கம் அங்கே இல்லை. நூலை அறுத்து உருவிவிட்டு, பூக்களை மட்டும் ஒரு மரத்தடியில் உதிர்த்துவிட்டு வர வேண்டும். நூலோடு கடலில் விட்டால் ஆமையும் கடல்நாயும் விழுங்கிவிடும். அம்மா நூலைச் சுருட்டித் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார். பூவைப் பூங்கா வேலியோர ஆலமரத்தடியில், யானைகள் இருக்கும் பக்கம் பார்த்துப் போட்டுவிட்டு வந்தோம்.